மந்திரித்த உப்பு

மூன்றாவது தடவையும் நாற்று செத்துப்போனபோது பங்கிராஸுக்கு வருத்தத்தைவிடக் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது. அதுவும் யார் மேல் என்றால், செபஸ்தியார் மேல். தன் பங்குக்குப் பங்கிராஸ் ஒரு குறையும் வைக்கவில்லை. தினமும் ஆலயமணி அடிக்கிறார், பீடத்துக்குப் பூ வைக்கிறார், செபஸ்தியார் சிலை நிற்கிற கெபியைக் கூட்டிப் பெருக்குகிறார். கோவில்பிள்ளை வேலையிலேயே தலை நரைத்த மனுஷனுக்கு இந்தச் சின்ன உதவியைக்கூடச் செய்யாமல் அந்தப் புனிதர் உடம்பெல்லாம் அம்போடு சும்மா நின்றுகொண்டிருந்தால் கோபம் வராமல் என்ன செய்யும்.

வாசலில் அவருடைய மகள் ஜெசிந்தா குத்தவைத்து உட்கார்ந்து, மிளகாய் நாற்றுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி வேரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இலைகளின் ஓரமெல்லாம் தீய்ந்து சுருண்டிருந்தது. மண் ஈரமாகத்தான் இருந்தது. ஈரத்தில் நின்றபடியே செடி காய்ந்திருந்தது.

“இதுவும் போச்சாத்தா?”

“போச்சுப்பா.”

“வெயிலு கூடிருச்சோ?”

“வெயிலுக்குப் பழக்கித்தான வெளிய வச்சேன். இது வெயில் இல்லப்பா. வேற என்னமோ.”

வீட்டுக்குப் பின்னால் பச்சை வலை போட்ட ஒரு கூடாரம் இருந்தது. புருஷன் வீட்டை விட்டு வந்த பிறகு, காதில் கழுத்தில் கிடந்ததை விற்று ஜெசிந்தா போட்ட நாற்றுப்பண்ணை அது. உள்ளே குழித்தட்டுகளில் மிளகாயும் தக்காளியும் கத்தரியும் பார்க்கிறவர் வாயைப் பிளக்கிற மாதிரி முளைத்து வரும். நாலு இலை விட்டதும் அவற்றைச் சின்னச் சின்னக் கறுப்புப் பைகளுக்கு மாற்றி முன்வாசலுக்குக் கொண்டுவருவாள். வெளிக்காற்றும் வெயிலும் பழகினால்தான் தோட்டத்தில் நட்டதும் தாங்கும், வாங்குகிறவனும் திட்டமாட்டான். அங்கேதான் வந்தது வினை. வெளியே வைத்த வாரத்திலேயே அத்தனையும் கருகிவிடும்.

முதல் தடவை பைகளில் தேங்காய் நார்க்கழிவை நிரப்பியிருந்தாள். கருகியதும், திடீரென்று வெயிலில் வைத்தது தப்பு, நார்க்கழிவும் சரியில்லை என்று நினைத்தாள். இரண்டாம் தடவை செம்மண்ணும் மட்கின சாணமும் கலந்தாள். காலையில் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம் என்று பச்சைப்பிள்ளையைப் பழக்குகிற மாதிரி வெயிலைக் காட்டினாள். அதுவும் போயிற்று. மூன்றாம் தடவை தேனியிலிருந்து மண்புழு உரம் கலந்த மண்ணை மூட்டையாக வரவழைத்தாள். அதைத்தான் இப்போது பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

மண்ணை மாற்றி மாற்றி வைக்கிறாளே தவிர, விஷயம் மண்ணில் இல்லை என்பது பங்கிராஸின் திடமான எண்ணம். கண் பட்டுவிட்டது. சவேரியார்பட்டியில் கோவிலுக்குப் போகிற தெரு அவர் வாசலை ஒட்டித்தான் போகிறது. பூசைக்குப் போகிற சனம் பூராவும் நின்று, “அடேயப்பா, என்னா செழிப்பு” என்று சொல்லிவிட்டுத்தான் நகரும். கூடாரத்துக்குள் இருக்கிறவரை செடிக்கு ஒன்றும் ஆவதில்லை. வெளியே வந்து நாலு பேர் பார்த்ததும்தான் சாகிறது. இதைக் கண்டுபிடிக்கப் படிப்பு எதற்கு?

அதற்கு மருந்தும் அவர் வீட்டிலேயே கிடந்தது. செபஸ்தியார் திருநாளுக்கு வருகிறவர்கள் கெபியில் உப்பும் மிளகும் காணிக்கை வைப்பார்கள். சாமியார் மந்திரித்ததும் அந்த உப்பில் ஆளுக்கு ஒரு பிடி வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். மாட்டுத் தொழுவத்துக்கு, காய்ச்சல்காரப் பிள்ளைக்கு, புது வீட்டின் மூலைக்கு என்று எல்லாவற்றுக்கும் அது உண்டு. மிச்ச உப்பு கோவில்பிள்ளை வீட்டுச் சாக்கில் வருஷம் பூராவும் இருக்கும்.

நாற்று வெளியே வந்த நாளிலிருந்து, சாயங்கால மணி அடித்துவிட்டு வந்ததும், ஜெசிந்தா அடுப்படியில் இருக்கிற நேரமாகப் பார்த்து, பங்கிராஸ் ஒரு வாளித் தண்ணீரில் அந்த உப்பைக் கரைப்பார். செபஸ்தியாரை வேண்டிக்கொண்டு ஒவ்வொரு பைக்கும் பக்தியாக ஊற்றுவார். மகளிடம் சொல்லவில்லை. “செடிக்கிட்ட இந்த மந்திரிக்கிற சோலியெல்லாம் வேணாம்ப்பா” என்று அவள் ஒரு தடவை கறாராகச் சொல்லியிருந்தாள். முதல் தடவை வாளிக்கு ஒரு பிடி போட்டார். கேட்கவில்லை. இரண்டாம் தடவை இரண்டு பிடி. மூன்றாம் தடவை ஊர்க்கண்ணின் பொல்லாத்தனத்தை உத்தேசித்து அள்ளியே போட்டார்.

உப்பு செடிக்கு ஆகாது என்று அந்த மனுஷனுக்குத் தோன்றவே இல்லையா என்றால், இல்லை. கொல்லையில் நிற்கிற இரண்டு தென்னைக்கும் வருஷா வருஷம் அவர்தான் வேரைத் தோண்டி உப்பு வைக்கிறார். அது குலை குலையாகக் காய்க்கிறது. தென்னைக்கு நல்லது மிளகாய்க்கு எப்படிக் கெட்டதாகும் என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை.

அவர் இவ்வளவு பாடுபட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. ஜெசிந்தாவைக் கட்டிக்கொடுத்தது போடி பஜாரில் மளிகைக் கடை வைத்திருந்த குடும்பத்தில். மாப்பிள்ளை அஜய்குமார் வாயில்லாப் பூச்சி. மாமியார் அவனுக்கும் சேர்த்துப் பேசினாள். மருமகள் வந்த வருஷம் வியாபாரம் படுத்துவிட்டது. அடுத்தடுத்த வருஷங்களில் பிள்ளையும் தங்கவில்லை. கைராசி இல்லாதவள் என்று பெயர் வைத்தாகிவிட்டது. காலையில் போணி ஆகிறவரை அவள் கடைப்பக்கமே வரக் கூடாது. ஒருநாள் அவள் ஏதோ பொட்டலத்தை எடுத்துக் கொடுக்கப் போக, கடைக்கு வந்தவர்கள் முன்னாலேயே மாமியார், “நீ ஒண்ணும் செய்ய வேணாம். உன் கை படாம இருந்தாப் போதும்” என்றிருக்கிறாள்.

அதைச் சொல்லிக்கொண்டு ஜெசிந்தா வீட்டுக்கு வந்தாள். “பொறுத்துப் போத்தா” என்று சொல்லி பங்கிராஸே பஸ் ஏற்றிவிட்டார். மறுபடி வந்தபோது அவள் எதையும் சொல்லவில்லை. பெட்டியைக் கீழே வைத்தாள், அவ்வளவுதான். அன்றிலிருந்து மகள் சம்பந்தப்பட்ட எதிலும் ஒரு கெட்டது அண்டக் கூடாது என்று அவர் காவல் காக்க ஆரம்பித்தார். அந்தக் காவல்தான் வாளியும் கையுமாக வாசலில் நின்றது.

பிடுங்கிய நாற்றில் கொஞ்சத்தையும், பையிலிருந்த மண்ணையும், மூட்டையில் மிச்சமிருந்த மண்ணையும், ஒரு பாட்டிலில் போர் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு ஜெசிந்தா சின்னமனூரில் வேளாண்மை ஆபீஸில் இருக்கும் உமாதேவி மேடத்தைப் பார்க்கப் போனாள். திரும்பி வந்தபோது உச்சி வெயில். பங்கிராஸ் கஞ்சியை ஊற்றி வைத்துவிட்டு, உப்புக் கிண்ணத்தில் கையை விட்டிருந்தார்.

“உப்பாம்ப்பா” என்றாள் செருப்பைக் கழற்றிக்கொண்டே.

“எது?”

“செடி செத்ததுக்குக் காரணம். பை மண்ணுல உப்பு எக்கச்சக்கமா ஏறியிருக்காம். பேனா மாதிரி ஒரு மீட்டர் வச்சிருக்காக, அத விட்டுப் பாத்து அவுகளே மெரண்டு போனாக. ஆனா நம்ம தண்ணி நல்ல தண்ணியாம். மூட்டையில மிச்சமிருந்த மண்ணும் நல்ல மண்ணுதானாம். ‘அப்ப உப்பு எங்கருந்தும்மா வந்துச்சு’ன்னு என்னைய கேக்குறாக. நான் என்னத்தச் சொல்ல?”

பங்கிராஸின் விரல்கள் கிண்ணத்துக்குள்ளேயே நின்றுவிட்டன. அந்த ஒரு நொடியில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வாளி, சாக்கு, ஒரு பிடி, இரண்டு பிடி, அள்ளிப் போட்டது எல்லாம் வரிசையாக வந்து எதிரே நின்றன. மூன்று தடவையும் அவர்தான். மண்ணும் இல்லை, வெயிலும் இல்லை, ஊர்க்கண்ணும் இல்லை.

சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தால் முடிந்துபோகிற காரியம். அவரும் திறக்கத்தான் போனார். அதற்குள் ஜெசிந்தா தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“அள்ளி வச்சது பூரா என் கைதான. எங்கை வேர்வைலருந்து எறங்குதோ என்னமோ.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பங்கிராஸ் கஞ்சியை உப்பில்லாமலேயே குடித்துவிட்டு எழுந்தார்.

அதற்குப் பிறகு அவர் சொல்லாமல் இருந்ததற்குப் பல காரணங்கள் வைத்திருந்தார். கோவில்பிள்ளையே செபஸ்தியார் உப்பு செடியைக் கொன்றது என்று சொன்னால் சனத்தின் விசுவாசம் என்னாவது என்பது ஒரு காரணம். கேட்பதற்குப் பெரிய காரணமாகத்தான் இருந்தது. ஆனால் செபஸ்தியார் அம்புக்கே அசராதவர், ஒரு வாளித் தண்ணீருக்கா அசந்துவிடப் போகிறார்? உண்மைக் காரணம் சின்னது. மகள் முகத்தைப் பார்த்து, உன் பிழைப்பில் மண்ணைப் போட்டது நான்தான் என்று சொல்ல அவருக்குப் பயம். ஏற்கெனவே ஒரு தடவை பஸ் ஏற்றிவிட்ட கை இது. அவள் அதை ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தாலாவது தேவலை என்று அவருக்கு இருந்தது.

சனிக்கிழமை சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தார். புதிதாக வந்திருந்த இளவயசுச் சாமியார் சிரிப்பை அடக்கிக்கொள்வது வலைத் தட்டிக்கு இந்தப் பக்கமே தெரிந்தது.

“தெரியாமச் செஞ்சது பாவமாகாதுங்க. மகள்கிட்ட சொல்லிட்டீங்கல்ல?”

“சொல்லிருவேன் சாமி.”

“சொல்லிருங்க. மூணு அருள்நிறைந்த மரியே சொல்லுங்க, போதும்.”

பங்கிராஸ் முழுச் செபமாலையே சொன்னார். தெரியாமல் ஊற்றியதைச் சொன்னாரே தவிர, தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருப்பதைச் சொல்லவில்லை. பாவசங்கீர்த்தனத்திலேயே பாதியை முழுங்கிய கோவில்பிள்ளை அந்தப் பங்குக்கோவிலில் அவர் ஒருவராகத்தான் இருப்பார். அந்தச் செபமாலை அவருக்கே ஒட்டவில்லை.

இனிமேல் ஊற்றாமல் இருந்தால் போதும், நாற்று தானாகப் பிழைத்துக்கொள்ளும், மகளும் தெளிந்துவிடுவாள், பழசை எதற்குக் கிளற வேண்டும் என்று தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொண்டார். உப்புச் சாக்கைத் தூக்கிப் பரண்மேல் போட்டார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது, ஜெசிந்தா சகாயராணியைக் கூப்பிடுகிறவரை.

சகாயராணி எதிர்வீட்டுக்காரி. நாலு பிள்ளை பெற்று நாலையும் கரையேற்றியவள். சவேரியார்பட்டியில் புது வீட்டில் பால் காய்ச்சுவதென்றாலும், தோட்டத்தில் முதல் விதை போடுவதென்றாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவ்வளவு நல்ல கை. நாலாம் தடவை விதை போடுகிற அன்று ஜெசிந்தா தெருவைக் கடந்து போய் அவள் வாசலில் நின்றாள்.

“யக்கா, நீங்க வந்து போட்டுக் குடுங்கக்கா. பைக்கு மாத்தும்போதும் நீங்கதான் வரணும். எங்கை வேணாம்.”

“ஏத்தா இப்பிடிச் சொல்ற? ஒனக்கென்ன கொறச்சல்?”

“சொல்றதக் கேளுங்கக்கா.”

பங்கிராஸ் வாசலில் நின்று அதைப் பார்த்தார். எப்போதும் தலை நிமிர்ந்து பேசுகிற பெண், ஒரு பிச்சை கேட்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அப்போதும் அவர் சொல்லவில்லை. விதை முளைக்கட்டும் என்று நினைத்தார். முளைத்தது. நாலு இலை விட்டதும் சகாயராணி வந்து, அதே மண்புழு உர மண்ணில், அதே கறுப்புப் பைகளுக்கு மாற்றிக் கொடுத்தாள். ஜெசிந்தா தட்டைக்கூடத் தூக்கவில்லை. கைகளை முந்தானையில் சுற்றிக்கொண்டு தள்ளி நின்று, இங்கன வைங்க, அங்கன வைங்க என்று சொன்னாள்.

வெளியே வந்த நாற்று ஒரு வாரம் நின்றது. இரண்டாம் வாரமும் நின்றது. ஆடிக்காற்று கம்பம் கணவாயிலிருந்து அடித்துக்கொண்டு வந்து தென்னை ஓலைகளைப் பிய்த்தது, அதற்கும் நின்றது. கோம்பையிலிருந்து பாண்டியராஜன் என்ற விவசாயி வந்து பார்த்து, ஒரு தண்டைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, மொத்தத்தையும் தனக்கே எடுத்து வைக்கச் சொல்லிவிட்டுப் போனார். ஜெசிந்தாவுக்குச் சந்தோஷம்தான். ஆனால் அவர் போனதும் அந்தச் செடிகளைப் பார்த்தபடியே அவள் சொன்னாள்.

“அதே மண்ணு. அதே தண்ணி. அதே வெயிலு. கை மட்டுந்தான் வேறப்பா. போடியில அவுக சொன்னப்ப எவ்வளவு கோவப்பட்டேன். சரியாத்தான் சொல்லியிருக்காக.”

நாற்றைப் பிழைக்க வைத்தால் மகளும் பிழைத்துக்கொள்வாள் என்றல்லவா பங்கிராஸ் கணக்குப் போட்டிருந்தார். வாயை மூடிக்கொண்டு உப்பை நிறுத்தியதில், மாமியார் சொன்னதற்கு அவரே சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிட்டது. இதற்கு மூன்று தடவை கொன்றதே மேல்.

அன்று அவர் சொல்லிவிட்டார். உள்ளதைச் சொல்வதென்றால், திக்கித் திணறி, முகத்தைத் தென்னை மரத்துப் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னார்.

“ஒங்கை இல்லத்தா. நாந்தான்... கண்ணு படக் கூடாதுன்னு செபஸ்தியார் உப்பக் கரச்சு ஊத்திக்கிட்டே இருந்தேன்.”

ஜெசிந்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

“எனக்காகப் பழியத் தூக்கித் தலையில போட்டுக்கிறீகளா? நீங்க இப்பிடித்தான். சின்னப்பிள்ளையில நான் பானைய ஒடச்சாலும் நாந்தான் ஒடச்சேன்னு அம்மாகிட்டச் சொல்வீக. விடுங்கப்பா.”

எழுந்து உள்ளே போய்விட்டாள். பங்கிராஸ் பின்னாலேயே போய், “இல்லத்தா, மெய்யாலுமே” என்று சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை. நான் சொல்லிவிட்டேன், அவள் நம்பவில்லை, நான் என்ன செய்ய என்று ஓர் ஆறுதல் அவர் மனசில் ஓடியது. அது ஓடியதும் அவருக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. ஆனாலும் அந்த ஆறுதலை அவர் விடவில்லை, இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அதை அவர் கையிலிருந்து பிடுங்கிப் போட்டது ஒரு பச்சைக் குழந்தை. சகாயராணியின் கடைசி மகள் ஷீபாவுக்குப் பிள்ளை பிறந்து, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தார்கள். தெருப் பெண்கள் எல்லாம் கூடி, பிள்ளையை மடிக்கு மடி மாற்றிக்கொண்டிருந்தார்கள். சின்னப்பிள்ளை என்றால் ஜெசிந்தா உயிரை விடுவாள். ஷீபா சிரித்துக்கொண்டே பிள்ளையை அவளிடம் நீட்டினாள்.

“இந்தாங்கக்கா, தூக்குங்க.”

ஜெசிந்தாவின் கைகள் முன்னால் வந்துவிட்டன. பாதி வந்ததும் நின்றன. பிறகு பின்னால் போய் முதுகுக்குப் பின்னே ஒளிந்துகொண்டன.

“கை ஈரமா இருக்குத்தா. அப்புறம் தூக்குறேன்.”

பங்கிராஸ் அந்த வீட்டு வாசல்படியில் நின்றிருந்தார். முதுகுக்குப் பின்னே இருந்த அந்தக் கைகள் அவருக்கு நேராக இருந்தன. ஈரம் ஒன்றும் இல்லை. ஒரு கை இன்னொரு கையை விரல் வெளுக்க நெரித்துக்கொண்டிருந்தது. அவர் அங்கே நிற்க முடியாமல் கோவிலுக்குப் போனார், மணி அடிக்கிற கயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதார். செபஸ்தியாரிடம் அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்க அவருக்கு முகம் இல்லை.

மறுநாள் காலை, பூசை முடிந்து வந்ததும், பரணிலிருந்து சாக்கை இறக்கினார். ஜெசிந்தா வாசலில் நாற்றுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். அவள் எதிரிலேயே வாளியில் உப்பை அள்ளிப் போட்டுக் கலக்கினார். அவள் திகைத்துப் போய்ப் பார்த்தாள். இருக்கிறதில் நல்ல செழிப்பான ஒரு செடியைப் பையோடு எடுத்துத் தனியாகத் திண்டின்மேல் வைத்து, உப்புத் தண்ணீரை அதன் வேருக்கு ஊற்றினார்.

“என்னப்பா பண்றீக?”

“இது சகாயராணி கையால வச்ச செடி. நல்ல கை. தெனமும் ஒன் கண்ணு முன்னாலயே ஊத்துறேன். என்ன ஆகுதுன்னு நீயே பாரு.”

இந்தத் தடவை அவர் முகத்தைத் திருப்பவில்லை. ஜெசிந்தா வாளியைப் பார்த்தாள், சாக்கைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அவளுக்குப் பாதி அப்போதே விளங்கியிருக்க வேண்டும். ஆனால் தன் கைமேலேயே நம்பிக்கை போன மனசு சட்டென்று எதையும் நம்பிவிடாது.

செடிக்கு அந்த யோசனையெல்லாம் இல்லை. அது பழைய செடிகள் செத்த மாதிரியேதான் செத்தது. முதலில் இலை தொங்கியது, பிறகு ஓரம் பழுத்தது, பிறகு தீய்ந்து சுருண்டது. மண் ஈரமாகவே இருந்தது. பக்கத்தில் மற்ற நாற்றுகள் பச்சைப்பசேலென்று காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. ஜெசிந்தா அந்த ஒன்றைப் பிடுங்கி, வேரை உதறி, வெகுநேரம் பார்த்தாள். அவள் பார்த்து முடிக்கிறவரை பங்கிராஸ் எதிரிலேயே நின்றார். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்ட வேண்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டார்.

“எப்பருந்து தெரியும் ஒங்களுக்கு?”

உப்பைப் பற்றிக் கேட்பாள் என்று அவர் நினைத்திருந்தார். அவள் சரியான இடத்தில் கையை வைத்தாள்.

“நீ சின்னமனூர்லருந்து வந்து சொன்னியே, அன்னைக்கே.”

“சகாயராணியக்கா வாசல்ல போயி நான் நின்னப்ப?”

“தெரியும்.”

“ஷீபா பிள்ளைய நீட்டுனப்ப?”

“தெரியும்த்தா.”

ஜெசிந்தா செத்த நாற்றைக் கீழே போட்டாள். அழவில்லை, கத்தவும் இல்லை. தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து, எப்போதோ தொலைந்துபோன பொருள் திரும்பக் கிடைத்த மாதிரி பார்த்தாள். பிறகு நேராகக் குழாயடிக்குப் போய் முகம் கழுவி, புடவையை உதறிக் கட்டிக்கொண்டு, தெருவைக் கடந்து எதிர்வீட்டுக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து பிள்ளையின் சிணுங்கலும், அதைச் சமாதானப்படுத்துகிற அவள் குரலும் கேட்டன. பங்கிராஸ் வாளியைக் கவிழ்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தார்.

பாண்டியராஜன் வந்து நாற்றை ஏற்றிக்கொண்டு போனார். அடுத்த விதையை ஜெசிந்தா தன் கையாலேயே போட்டாள். சகாயராணி வருவதாகச் சொன்னதற்கு, “வாங்கக்கா, வந்து உக்காந்து காப்பி குடிங்க” என்றாள். முளைத்து, நாலு இலை விட்டு, பைக்கு மாற்றுகிறவரை எல்லாம் அவள் கைதான். அப்பாவுக்குச் சோறு போட்டாள், மருந்து எடுத்துக் கொடுத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். கேட்காத ஒரு வார்த்தையும் பேசவில்லை. இப்படிப்பட்ட வீட்டில் இருப்பதைவிட நாலு அடி வாங்குவது சுலபம் என்று பங்கிராஸுக்குத் தோன்றியது. ஆனால் குறை சொல்ல அவருக்கு வாய் இல்லை.

நாற்று முன்வாசலுக்கு வருகிற நாள் ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தது. கூடாரத்திலிருந்து ஜெசிந்தா பைகளைத் தட்டுத் தட்டாகச் சுமந்து வந்தாள். கனமான தட்டு ஒன்று அவள் கையில் சாய்வதைப் பார்த்ததும், பூசைக்கு முதல் மணி அடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்த பங்கிராஸ் பழக்கதோஷத்தில் எழுந்து, பிடிக்கக் கையை நீட்டினார்.

“வேணாம்” என்றாள் ஜெசிந்தா. தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “ஊர்க்கண்ணு பட்டா படட்டும்ப்பா. ஒங்க கை படாம இருந்தாப் போதும்.”

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். தட்டைப் பிடித்தபடி ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள். பங்கிராஸ் அவள் முகத்தைப் பார்த்தார். அதைத் திருப்பி எடுத்துக்கொள்வாள் என்று ஒரு சின்ன ஆசை அவருக்கு இருந்தது. அவள் எடுத்துக்கொள்ளவில்லை. தட்டை இறக்கி வைத்துவிட்டு அடுத்த தட்டுக்காக உள்ளே போனாள்.

பூசைக்குப் போகிற சனம் தெருவில் வர ஆரம்பித்தது. வழக்கம்போல வாசலில் நின்றார்கள். ஒருத்தி முகவாயில் கையை வைத்து, “அடேயப்பா, என்னா செழிப்பு” என்றாள். கூட வந்தவர்களும் வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள். பங்கிராஸ் இரண்டு கைகளையும் அக்குளுக்குள் இடுக்கிக்கொண்டு, அத்தனை பேரும் பார்த்து முடித்துப் போகிறவரை அங்கேயே நின்றார்.